சுத்தமாய்ப் பொறுக்கிய வாரம்

குப்பை மேட்டில் அவனைக் காந்தம் என்றுதான் கூப்பிடுவார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று உண்டு. கூப்பிட ஆளில்லாமல் அது எங்கோ மூலையில் கிடக்கிறது. உடைந்த ஸ்பீக்கர் ஒன்றிலிருந்து கழற்றிய வட்டக் காந்தத்தைக் கயிற்றில் கட்டி இடுப்பில் தொங்கவிட்டிருப்பான். தகரமோ கம்பியோ எது கையில் சிக்கினாலும் அதில் ஒரு தட்டு. ஒட்டினால் இரும்பு, இந்தச் சாக்கு. ஒட்டாவிட்டால் அலுமினியமோ பித்தளையோ, அந்தச் சாக்கு. ஒட்டாத சாக்குக்குத்தான் விலை அதிகம். "ஒட்டிக்கிட்டே திரியறவனுக்கு எங்கடா மதிப்பு? ஒட்டாம போறவனைத்தான் ஊரு மதிக்கும்" என்று சொல்லிச் சிரிப்பான்.

அவன் பெண்டாட்டிக்கு ஜட்ஜம்மா என்று பெயர். ஒரே அட்டைப்பெட்டியை இரண்டு பேர் பிடித்து இழுத்தால் வழக்கு அவளிடம்தான் வரும். தலையை நிமிர்த்தாமலே தீர்ப்புச் சொல்லுவாள். காந்தம் ஒரு கட்சியாக நின்ற வழக்கில் அவன் ஜெயித்ததே இல்லை.

"கட்டின புருஷன்னு ஒரு இது வேணாமா?" என்பான்.

"பெட்டியை முதல்ல பிடிச்சவ அவ. இதுல புருஷன் என்ன, புடலங்கா என்ன?"

ஒரு மழைக்காலத்தில் மேடு சரிந்தது. மேலே நின்றிருந்தவள் சாக்கோடு கீழே வந்து சேர்ந்தாள். முழங்கால் அடியில் மடிந்துவிட்டது. அதிலிருந்து மேட்டில் ஏற முடியாது. அடிவாரத்தில் ஒரு பெயிண்ட் வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து, மற்றவர்கள் கொண்டுவந்து கொட்டுவதைப் பிரிப்பாள். பால் கவர் ஒரு பக்கம், கெட்டிப் பிளாஸ்டிக் ஒரு பக்கம், மூடிகள் தனியாக.

வேலையில் அவளுக்கு ஒரு குறையும் இல்லை. ஒதுங்கப் போவதுதான் பாடு. பெண்கள் எல்லாம் மேட்டுக்குப் பின்னால் முள்ளுக்குள் போவார்கள், ஒருத்தி காவல் நிற்பாள். அந்தச் சரிவில் ஏறி இறங்க அவள் காலால் முடியாது. அதனால் காலையில் வீட்டை விட்டுக் கிளம்பினால் திரும்பி வரும்வரை ஒரு வாய் தண்ணீர் குடிக்க மாட்டாள். வெயில் மண்டையைப் பிளந்தாலும் மாட்டாள். கொஞ்ச காலத்தில் நீர்க்கடுப்பு வந்தது. பிறகு விலாவுக்குக் கீழே வலி, பிறகு ராத்திரியில் காய்ச்சல். ஆஸ்பத்திரியில் டாக்டர், சிறுநீரகம் கெட்டுக்கொண்டிருக்கிறது, நிறையத் தண்ணீர் குடி, இல்லையென்றால் நாளைக்கு மருந்துகூடக் கேட்காது என்று சொல்லி அனுப்பினார்.

"குடிக்கச் சொல்றாரு. குடிச்சா எங்க போறதுன்னு சீட்டுல எழுதலையே" என்றாள் ஜட்ஜம்மா வெளியே வந்து. காந்தம் சிரித்தான். வீடு வந்து சேர்ந்த பிறகுதான் சிரித்ததற்கு வெட்கப்பட்டான்.

இப்படி இருக்கும்போதுதான் நகராட்சி குப்பை மேட்டை மூடுவது என்று முடிவு செய்தது. மேடு வளர்ந்து வீடுகளின் சுவரைத் தொட்டுவிட்டது. கோடையில் தீப்பிடித்தால் புகை ஊருக்குள் போய்ப் பெரிய மனிதர்களின் மூக்கிலும் ஏறியது. ஏழை மூக்கில் ஏறினவரை அது வெறும் புகை. இவர்கள் மூக்கில் ஏறினதும் பிரச்சினை ஆகிவிட்டது.

ஒரு நாள் ஜீப்பில் சின்ன இன்ஜினியர் வந்தார். பெரிய இன்ஜினியர் ஒருவர் இருந்தாராம், அவரை மேட்டில் யாரும் கண்டதில்லை. சின்னவர் நல்ல மாதிரி. மூக்கைப் பொத்தவில்லை. ஜீப்பின் மூக்கில் வரைபடத்தை விரித்து நான்கு மூலைக்கும் கல் வைத்தார். எல்லோரும் சுற்றி நின்றார்கள்.

இரண்டு வரைபடம். முதலாவதில் நீளமாக ஒரு ஷெட். குப்பை கொட்டும் இடம், அது நகர்ந்து வரும் பட்டை, பட்டைக்கு இரு பக்கமும் உட்கார்ந்து பிரிக்கும் மேசைகள், பின்னால் உரக்குழி, ஓரத்தில் குழாய், கழிப்பறை. மேட்டில் வேலை செய்கிறவர்களையே அங்கே எடுத்துக்கொள்வார்களாம். இரண்டாவது சின்னது. குப்பையை அப்படியே அமுக்கிக் கட்டும் ஒரு இயந்திரம், கட்டினதைப் பெரிய ஊரின் உலைக்கு எரிக்க அனுப்பும் வழி, மூடின லாரி ஒன்று, லாரி பக்கத்தில் குச்சி மாதிரி ஒரே ஒரு மனிதன். அதை யார் பார்த்தார்கள்? விருந்துக்குப் போன இடத்தில் தண்ணீர்ப் பானையைப் பார்ப்பார் உண்டா? ஜட்ஜம்மாவின் தம்பி மட்டும் அதை எட்டிப் பார்த்தான். அவன் குப்பை லாரியில் ஏற்றும் ஆள்.

"வண்டி ஜோரா இருக்கு சார். மழை படாது" என்றான்.

ஜட்ஜம்மா விந்தி விந்தி முன்னால் வந்து முதல் வரைபடத்தில் ஓரத்துச் சின்னக் கட்டத்தின்மேல் விரலை வைத்தாள்.

"சார், இந்தக் கக்கூஸ்ல தாழ்ப்பா எந்தப் பக்கம் இருக்கும்?"

எல்லோரும் கொல்லென்று சிரித்தார்கள். சின்ன இன்ஜினியருக்கும் சிரிப்பு வந்தது. அவள் சிரிக்கவில்லை என்று பார்த்ததும் அடக்கிக்கொண்டார்.

"உள்பக்கம்தாம்மா."

"வெளிப்பக்கமும் போட்டுட்டு பூட்டு வாங்கி மாட்டிடுவாங்க சார். உள்பக்கம் மட்டும் இருக்கட்டும்."

"சரிம்மா, உள்பக்கம் மட்டும்" என்று சொல்லி, பென்சிலால் அந்தக் கட்டத்துக்குள் சின்னதாக ஒரு கோடும் போட்டார். அன்று சாயங்காலம் அவள் ஒரு சொம்புத் தண்ணீரை நின்ற நிலையில் குடித்ததைக் காந்தம் பார்த்தான். ஷெட்டே வந்துவிட்ட மாதிரி குடித்தாள்.

கிளம்பும்போது சின்ன இன்ஜினியர் காந்தத்தைத் தனியே கூப்பிட்டார். "அண்ணே, அடுத்த வாரம் லாரி வரவர இங்க கேட்டுல தார்ப்பாய் விரிச்சுக் குப்பையைப் பிரிச்சு எடை போட்டுப் பார்ப்போம். அதை வெச்சுத்தான் எந்தப் பிளான்னு முடிவாகும். நீங்க யாரும் ஒண்ணும் செய்ய வேண்டாம். எப்பவும்போல இருங்க."

எப்பவும்போல இருப்பதா? காந்தத்துக்கு அதிகாரிகளைத் தெரியும். அவன் பார்த்த அதிகாரி எவனும் குறை கண்டுபிடிக்காமல் திரும்பிப் போனதில்லை. சுகாதார அதிகாரி ஒருவர் வந்தபோது, தகரமும் கண்ணாடியும் கலந்து கிடக்கிறது, உங்களுக்கு வேலை தெரியவில்லை என்று சொல்லி எல்லோரையும் மேட்டை விட்டே விரட்டினார். மறுபடி உள்ளே நுழைவதற்குள் அரைவயிறு கால்வயிறாகிவிட்டது. இப்போது ஷெட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஒருவர் வருகிறார். குப்பையில் நாலு பாட்டிலும் பத்து டப்பாவும் கண்ணில் பட்டால், பொறுக்கத் தெரியாத கூட்டத்துக்கு ஷெட் ஒரு கேடா என்று கேட்க மாட்டாரா?

அன்றே எல்லோரையும் கூட்டினான்.

"வீட்டுக்கு ஆளு வருதுன்னா பெருக்கி வைப்போமா மாட்டோமா? தார்ப்பாயில கொட்டுற குப்பையில ஒரு மூடி இருக்கக் கூடாது. நம்ம வேலை சுத்தம்னு அவங்க கண்ணால பாக்கணும்."

லாரி ஆட்கள் தெருவில் ஏற்றும்போதே நல்ல சாமான்களைப் பொறுக்கி லாரியின் பக்கவாட்டில் தொங்கும் சாக்கில் போட்டுக்கொள்வது வழக்கம். ஒப்பந்தக்காரர் அதைத் தடை செய்திருந்தார். பிடிபட்டால் வேலை போகும். எல்லோருக்கும் தெரியும், யாரும் பேசுவதில்லை. ஆனால் அவர்களுக்கு நேரம் ஏது? அட்டை, பெரிய பாட்டில் என்று மேலோட்டமாக மட்டும் வழித்துக்கொள்வார்கள். மற்றது மேட்டுக்கு வரும்.

"மச்சான், இந்த ஒரு வாரம் மேலோட்டமா வழிச்சா பத்தாது. அடி வரைக்கும் வழிச்சுடு" என்றான் காந்தம், ஜட்ஜம்மாவின் தம்பியிடம்.

"சம்பளம் யார் மாமா தருவா?"

"உங்க அக்காவுக்குக் கதவு வருதுடா."

லாரி ஆட்கள் அத்தனை பேரிடமும் மச்சானே சொல்லிவிட்டான்.

அந்த வாரம் நடந்த வேலையை மேடு அதற்கு முன் பார்த்ததில்லை. தெருவில் லாரி ஆட்கள் வழித்தார்கள். மேட்டுக்குத் திரும்பும் வளைவில், கேட்டிலிருந்து கண்ணுக்குத் தெரியாத இடத்தில், லாரி மெதுவாகும். அங்கே மேட்டு ஆட்கள் ஏறிக்கொண்டு மிச்சத்தைப் பொறுக்கினார்கள். ஈரக் குப்பைக்குள் முழங்கை வரை விட்டுத் துழாவினார்கள். காந்தம் தன் காந்தத்தைக் குப்பைக்குள் தூண்டில் மாதிரி இறக்கி ஆணியைக்கூட விடாமல் இழுத்தான். சாக்குகள் நேராகப் பழைய இரும்புக் கடைக்குப் போயின. கடைக்காரர் அடுக்க இடமில்லாமல் தெருவில் அடுக்கினார்.

தார்ப்பாயில் விழுந்தது அழுகின காய்கறி, மண், ஈரக் காகிதம், பிள்ளைகளுக்குக் கட்டிக் கழற்றின அசிங்கம். சின்ன இன்ஜினியர் கையுறை போட்டுக்கொண்டு கிளறினார். இன்னொரு லாரி, இன்னொரு தார்ப்பாய். நெற்றியைச் சுருக்கினார். எழுதினார்.

"எப்படி சார், ஒரு மூடி காட்டுங்க பாப்போம்!" என்றான் காந்தம், இடுப்பில் கைவைத்து.

"ஆமாண்ணே. ஆச்சரியமா இருக்கு."

அந்த ஆச்சரியத்தைக் காந்தம் பாராட்டு என்று எடுத்துக்கொண்டான். எத்தனையோ வருஷமாக அவனை யாரும் பாராட்டியதில்லை. மனிதன் ஏமாற அது போதும்.

நகராட்சிக் கூட்ட அறையில் பின்னால் நின்று கேட்கப் பொதுமக்களையும் விட்டார்கள். காந்தமும் ஜட்ஜம்மாவும் துவைத்த துணி உடுத்திக்கொண்டு போனார்கள். கமிஷனர் நடுவில் உட்கார்ந்திருந்தார். சின்ன இன்ஜினியர் எழுந்து படித்தார். நம் ஊர்க் குப்பையில் விற்கக்கூடிய பொருள் மிக மிகக் குறைவு. பிரிக்கும் ஷெட் கட்டினால் அதில் பிரிப்பதற்கு ஒன்றும் இருக்காது. கூலிகூடத் தேறாது. உரத்துக்கு வேண்டுமானால் பிறகு பார்க்கலாம். ஆகவே அமுக்கும் இயந்திரமே பொருத்தம். அடுத்த கூட்டத்தில் முடிவாக நிறைவேற்றலாம்.

காந்தத்துக்கு முதலில் புரியவில்லை. கைதட்டலாமா என்றுகூடப் பார்த்தான். ஜட்ஜம்மா அவன் முழங்கையை நகம் பதியப் பிடித்தாள்.

"ஏங்க, நாம பொறுக்கினதெல்லாம் அந்தக் கணக்குல எங்க?"

அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்வது என்பார்களே, அதை அவன் ஊரையே கூட்டி வைத்துக்கொண்டு, ஒரு துகள் சிந்தாமல், சுத்தமாகச் செய்து முடித்திருந்தான்.

கூட்டம் கலைந்ததும் சின்ன இன்ஜினியரின் அறைக்கு ஓடினான். மூச்சுவாங்க எல்லாவற்றையும் கொட்டினான். கேட்கக் கேட்க அவர் நாற்காலியில் சரிந்தார்.

"எப்பவும்போல இருங்கன்னு சொன்னேனேண்ணே."

"சொன்னீங்க சார். எதைப் பாக்க வர்றீங்கன்னு சொல்லலையே."

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "தப்பு எம்மேலயும்தான். மறுபடி எடை போடச் சொல்லி நான் கேக்கறேன். ஆனா வெறும் பேச்சுக்குக் கமிஷனர் ஒத்துக்க மாட்டார். எடுத்த சாமானைக் காட்டணும். இது லாரியில எடுத்ததுன்னு யாராவது அவர் முன்னாடி சொல்லணும்."

"நான் சொல்றேன் சார்."

"சொன்னா லாரி ஆளுங்க எல்லாரும் வெளிய போவாங்கண்ணே. ஒப்பந்தம் அப்படி. என்னால அதைத் தடுக்க முடியாது."

காந்தம் வெளியே வந்து படியில் உட்கார்ந்தான். பிறகு எழுந்து லாரி நிற்கும் இடத்துக்குப் போனான். மச்சான் டயரைக் கழுவிக்கொண்டிருந்தான். விஷயத்தைச் சொன்னதும் குழாயை நிறுத்தினான்.

"அதாவது மாமா, நீங்க வழிக்கச் சொன்னீங்க, நான் வழிச்சேன். இப்ப நான் வழிச்சேன்னு நீங்களே போய்ச் சொல்லுவீங்க."

"வேற வழி இருந்தா சொல்லு. நான் கேக்கறேன்."

"அக்காவுக்குக் கக்கூஸ் கட்ட எங்க எல்லார் வயித்துலயும் குழி வெட்டறீங்க. நல்லா இருக்கு நியாயம். உங்க ஜட்ஜம்மா என்ன சொல்லுது?"

"அவகிட்ட இன்னும் சொல்லலை."

"சொல்லுங்க. தீர்ப்பு எப்பவும் உங்களுக்கு எதிராத்தானே வரும்!" என்று சொல்லிக் குழாயைத் திறந்தான். தண்ணீர் காந்தத்தின் காலில் விழுந்தது. தெரிந்துதான் விட்டான்.

வீட்டில் சொன்னபோது ஜட்ஜம்மா விலாவில் கைவைத்து அழுத்திக்கொண்டு சுவர் பக்கம் திரும்பிப் படுத்தாள்.

கடைசிக் கூட்டத்தன்று காந்தம் பழைய இரும்புக் கடைக்காரரைக் கெஞ்சிக் கூத்தாடிச் சாக்குகளைக் கடன் வாங்கினான். கடைக்காரர், "மூடி எண்ணி வெச்சிருக்கேன்" என்று மிரட்டித்தான் கொடுத்தார். எண்ணவில்லை, எண்ணுகிற ஜாதி இல்லை அவர். மேட்டு ஆட்கள் எல்லோருமாகச் சுமந்துபோய் நகராட்சி வராந்தாவில் அடுக்கினார்கள். சாக்குகள் தூண் உயரத்துக்கு நின்றன. பாட்டில், டப்பா, தகரம், அட்டை. எங்கள் வராந்தாவில் குப்பையா என்று பியூன் கத்தினான். சின்ன இன்ஜினியர் கமிஷனரைக் கையைப் பிடிக்காத குறையாக வெளியே அழைத்துவந்தார்.

கமிஷனர் சாக்குகளைச் சுற்றி வந்தார். ஒரு சாக்கைத் தட்டிப் பார்த்தார். அவர் கெட்டவர் இல்லை, அவசரத்தில் இருந்தார்.

"இவ்வளவு சாமானா? இது எங்க எடுத்தது?"

காந்தம் வாயைத் திறந்தான். கேட்டுக்கு வெளியே லாரி ஆட்கள் நின்றிருந்தார்கள். மச்சான் முன்னால் நின்றான். அவன் தோளில் சின்ன மகள் உட்கார்ந்து அப்பன் தலைமுடியைப் பிடித்துக்கொண்டிருந்தாள். வேண்டுமென்றே தூக்கி வந்தானோ, பார்த்துக்கொள்ள ஆளில்லாமல் தூக்கி வந்தானோ!

"சார்..." என்றான் காந்தம். இடுப்புக் காந்தத்தை இறுகப் பிடித்தான். "சார், இது..."

"மேட்டுல எடுத்ததுங்க சார்" என்றாள் ஜட்ஜம்மா பின்னாலிருந்து.

காந்தம் திரும்பினான். அவள் அவனைப் பார்க்கவில்லை. தீர்ப்புச் சொல்லும்போது எப்படியோ அப்படித் தலையைக் குனிந்தே நின்றாள்.

"எப்ப எடுத்ததும்மா?"

"பழசு சார். ரொம்ப நாளா சேத்தது."

"பார்த்தீங்களா" என்றார் கமிஷனர், சின்ன இன்ஜினியரிடம். "பழைய குப்பையில இருந்திருக்கு. இப்ப வர்ற குப்பைக்குத்தானே நாம பிளான் போடறோம்?" சின்ன இன்ஜினியர் ஜட்ஜம்மாவைப் பார்த்தார், காந்தத்தைப் பார்த்தார். அவர் வாயும் திறந்து மூடியது. எல்லோரும் உள்ளே போனார்கள். கதவு சாத்திக்கொண்டது.

படியில் இறங்கும்போது அவளுக்குக் கால் வரவில்லை. காந்தம் அக்குளில் கைகொடுத்துத் தூக்கினான்.

"ஏன்டி இப்படிப் பண்ணினே? உனக்காகத்தானே இவ்வளவும்?"

"அவனுக்குப் புள்ளைங்க இருக்கு. எனக்கு மூத்திரம்தானே. அடக்கிக்கறேன்."

கடைக்காரரின் சாக்குகளைத் திருப்பிச் சுமந்தார்கள். வந்தபோது இருந்ததைவிடக் கனத்தன.

மழை ஓய்ந்ததும் வேலை தொடங்கிவிட்டார்கள். மேட்டின்மேல் மண்ணைக் கொட்டி மூடினார்கள். முன்னால் அமுக்கும் இயந்திரத்துக்குக் கட்டடம். சுற்றிலும் கம்பி வேலி, ஒரு கேட், உள்ளே காவல்காரன். மேட்டு ஆட்கள் விடியும் முன் தெருத் தெருவாகத் தொட்டிகளைக் கிளற ஆரம்பித்தார்கள். கடைக்காரர்கள் விரட்டினார்கள், நாய்கள் விரட்டின. ஜட்ஜம்மாவால் அவ்வளவு நடக்க முடியாது. வீட்டு வாசலில் வாளியைக் கவிழ்த்து உட்கார்ந்து, காந்தம் கொண்டுவரும் கொஞ்சத்தைப் பிரித்தாள். வீட்டுக்குப் பக்கத்திலேயே கழிப்பறை இருந்தும் தண்ணீர் குடிக்கிற பழக்கம் அவளுக்கு விட்டுப்போயிருந்தது. ஊற்றிக் கொடுத்தால் இரண்டு மடக்கு, அதற்கு மேல் குமட்டுகிறது என்பாள். முகம் வீங்க ஆரம்பித்தது.

அப்புறம் மூடின லாரிகள் வந்தன. பளபளவென்று இருந்தன. பின்னால் ஒரு பொத்தான். அமுக்கினால் லாரியே வாயைத் திறந்து தொட்டியைக் கவிழ்த்து விழுங்கிக்கொள்ளும். ஓட்ட ஒருவன், பொத்தானை அமுக்க ஒருவன். வரைபடத்தில் குச்சி மாதிரி வரைந்திருந்தார்களே, அந்த ஒருவன். மற்றவர்களை ஒப்பந்தக்காரர் கணக்கு முடித்து அனுப்பிவிட்டார்.

மச்சான் வந்து வாசலில் உட்கார்ந்தான். ஜட்ஜம்மா தட்டில் சாப்பாடு போட்டுக்கொண்டுவந்து வைத்தாள். அவன் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அக்கா, அன்னிக்கு நீ உள்ளதைச் சொல்லியிருக்கலாம்."

"சாப்பிடுடா."

"சொல்லியிருந்தா உனக்காவது..."

"ஆறிப் போவுது. சாப்பிடு."

மறுநாள் ஆஸ்பத்திரிக்கு அவளை அழைத்துப்போனார்கள். ஒரு பக்கம் புருஷன், ஒரு பக்கம் தம்பி. வழி பழைய மேட்டைத் தாண்டித்தான். வேலி ஓரம் வந்ததும் கொஞ்சம் நிற்கலாம் என்றாள். கம்பியைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினாள். உள்ளே அமுக்கிக் கட்டிய பெரிய குப்பைக்கட்டு ஒன்றை இயந்திரம் துப்பிக்கொண்டிருந்தது. குப்பைக்குள் பாட்டிலும் டப்பாவும் பல்லைப் போல மினுங்கின. இப்போது யாரும் பொறுக்கவில்லை அல்லவா, அத்தனையும் அதில் இருந்தது.

காந்தம் இடுப்புக் கயிற்றை அவிழ்த்துக் காந்தத்தை வேலிக் கம்பியில் வைத்தான். டக்கென்று ஒட்டிக்கொண்டது.

"நல்ல இரும்பு" என்றான்.

மச்சான் வேலியை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பார்த்தான். "எடைக்குப் போட்டா..."

"வாயை மூடு" என்றாள் ஜட்ஜம்மா. ஆனால் அவள் கண் கேட்டின்மேல் இருந்தது. கேட்டின் தாழ்ப்பாள் காவல்காரன் பக்கமாக, உள்ளே இருந்தது. வெளிப்பக்கம் ஒன்றுமே இல்லை, மொழுமொழுவென்று தகரம். "கேட்டேன்ல, உள்பக்கம் மட்டும் போதும்னு. போட்டுட்டாங்க பாரு."

யாரும் சிரிக்கவில்லை.

"யாருய்யா அங்க? வேலியை விட்டுத் தள்ளிப் போங்க!" என்று காவல்காரன் உள்ளிருந்து கத்தினான்.

காந்தம் காந்தத்தைப் பிடித்து இழுத்தான். வரவில்லை. மறுபடியும் இழுத்தான்.